வளைவு கண்ட கைகள்: தச்சுக் கருவிகளும் தமிழ்ச் சொற்களும்



இலக்கியத்தையும் இலக்கணத்தையும் பற்றிய உரைகள் நிகழ்ந்துவரும் இவ்வரங்கில், தச்சன் கையாளும் வாய்ச்சியையும் உளியையும் பொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லுக்குப் பிறப்பிடம் ஏடு மட்டுமன்று. பட்டறையும் வயலும் கடற்கரையும் சொல் பிறக்கும் இடங்களே. ஏட்டில் பிறந்த சொல்லை ஏடு காக்கும். தொழிலில் பிறந்த சொல்லையோ அத்தொழில்தான் காக்க வேண்டும். தொழில் மறைந்தால் சொல்லும் உடன் மறையும். அவ்வாறு மறையும்போது சொல்லுக்குள் பொதிந்திருந்த அறிவும் சேர்ந்தே மறைந்துபோகிறது. வளைந்த மரவேலைக்குரிய கைக்கருவிகளைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்க முயல்கிறேன்.

கோடு என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைக் காண்போம். இன்று வகுப்பறையில் "ஒரு கோடு வரைக" என்றால், மாணவர் அடிக்கோலை எடுத்து நேராக வரைவர். ஆயின் பழந்தமிழில் கோடு என்பது வளைவையே முதன்மையாகக் குறித்தது. மரத்தின் கிளை கோடு. விலங்கின் கொம்பு கோடு. யானையின் தந்தம் கோடு. யாழின் வளைந்த தண்டும் கோடு. கோடுதல் என்றால் வளைதல். துலாக்கோல் ஒரு பக்கம் சாயாமையைக் கோடாமை என்றே வள்ளுவர் குறிக்கிறார்.

வளைவை நம் மொழி பெரும்பாலும் குறையாகவே கருதிற்று. நேர்மையான ஆட்சி செங்கோல். முறைகெட்ட ஆட்சி கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். ஆனால் அதே வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் இக்கருத்தைத் தலைகீழாக மாற்றிக் காட்டுகிறார். அம்பு வடிவால் நேரானது, செயலால் கொடியது. யாழின் தண்டு வடிவால் வளைந்தது, செயலால் இனியது. ஆதலின் மாந்தரையும் வடிவால் அளவாது செயலால் அளக்க வேண்டும் என்பது அக்குறளின் பொருள். யாழின் வளைவைக் குறையாகக் காணாமல் பயனாகக் கண்ட பார்வை அது. தச்சனின் பார்வையும் அதுவே.

மரத்தின் இயல்பு

வளைந்த மரவேலை ஏன் அரியது என்பதை அறிய, மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் தொகுதி. நாரோட்டத்தின் வழியே இழுவிசையைத் தாங்குவதில் அது மிக வலியது. நாருக்குக் குறுக்கே எளிதில் பிளவுபடும். விறகு பிளப்பவர் எவரும் இதனை அறிவர். நேரான சட்டத்தில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுகிறது. அதே பலகையிலிருந்து ஒரு வளைவை அறுத்தெடுத்தால், வளைவு திரும்பும் இடங்களில் நார் அறுபட்டுக் குறுகிப்போகிறது. அங்கேதான் பின்னாளில் முறிவு நேரும்.

மரத்தின் வன்மை எப்பகுதியில் உள்ளது என்பதும் முன்னோர் கூர்ந்து நோக்கிய செய்தியே. தொல்காப்பியர் மரபியலில், வைரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் பிரித்தார். இந்நெறிப்படி பனையும் தென்னையும் புல்லினமாகும். இதனை இலக்கண நுட்பமாக மட்டும் கொள்ளலாகாது. பனந்தண்டை இரண்டாகப் பிளந்து, மென்மையான உட்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டால், வன்மையான புறப்பகுதி நீர் செல்லும் தொட்டியாக எஞ்சுகிறது. பலாவிலோ வேம்பிலோ இவ்வாறு செய்ய முனைந்தால் வைரத்தையே வெட்டி எறிய நேரும். எந்த மரத்தை எப்படிக் குடைவது என்னும் தச்சனின் கேள்விக்கு அந்த நூற்பாவிலேயே விடை இருக்கிறது.

வளைவு பெறும் மூன்று வழிகள்

மரத்தில் வளைவைப் பெற மூன்று வழிகள் பெரிதும் கையாளப்பட்டன: தேர்தல், செதுக்கல், வளைத்தல்.

தேர்தல் என்பது இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைக் கண்டெடுத்துப் பயன்கொள்வது. தமிழகத்தின் மரக்கலப்பை இவ்வாறு உருவானது. கருவேல மரத்தின் வளைந்த கிளையில் நார் வளைவின் வழியே ஓடுவதால், மண்ணைக் கிழிக்கும் விசையை அது முறியாமல் தாங்கும். மரக்கலத்தின் விலாச் சட்டங்களுக்கும் இத்தகைய கிளைகளே தேடப்பட்டன. இவ்வழியில் கருவிக்கு வேலை குறைவு. கண்ணுக்கே வேலை மிகுதி. மரம் நிற்கும்போதே அதனுள் இருக்கும் கலப்பையைக் கண்டறிவதே திறன்.

செதுக்கல் என்பது வேண்டாதவற்றை நீக்கி வளைவை வெளிக்கொணர்வது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. குடமும் தண்டும் ஒரே மரத்தில் அமைந்த வீணையை ஏகாண்ட வீணை என்பர். மிருதங்கமும் தவிலும் மரம் குடைந்து செய்யப்படுபவையே. இந்நாட்டுத் திருவிழாக்களில் நீங்கள் அனைவரும் கேட்டு மகிழும் உருமியின் இடை சுருங்கிய உடலும் அவ்வாறு குடையப்பட்டதே. அதன் தோலை உராய்ந்து முழக்கம் எழுப்பும் குச்சியும் வளைந்ததாகவே இருத்தலைக் காணலாம்.

வளைத்தல் என்பது வெப்பத்தாலும் ஈரத்தாலும் மரத்தை இளகச்செய்து, அச்சில் பொருத்தி உலரவிடுவது. பிரம்பை அனலில் காட்டி வளைப்பது நம் வட்டாரத்தில் பழகிய முறை. ஐரோப்பாவில் மைக்கேல் தோனெட் என்பவர் நீராவியால் மரத்தை வளைத்து, 1859ஆம் ஆண்டில் பதினான்காம் எண் நாற்காலி எனப் புகழ்பெற்ற இருக்கையை உருவாக்கினார். நீராவியில் இளகிய மரம் நன்கு அமுங்கும். ஆனால் மிகச் சிறிதளவே நீளும். ஆதலால் வளைவின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுகப் பிணித்து, அப்பக்கம் நீளாமல் தடுத்தே வளைப்பர். அந்தப் பட்டை இல்லையேல் வெளிப்புற நார்கள் அறுந்துவிடும்.

கருவிகள் கூறும் செய்தி

இனிக் கருவிகளுக்கு வருவோம். கோடரியின் வாய் காம்பிற்கு இணையாக அமைந்தது. வாய்ச்சியின் வாய் காம்பிற்குக் குறுக்கே அமைந்தது. இச்சிறு வேறுபாட்டினால் இரண்டும் வெவ்வேறு தொழில்களுக்கு உரியவை ஆயின. கோடரி மரத்தை வெட்டிப் பிளக்கும். வாய்ச்சி, தச்சன் தன்னை நோக்கி வீசும்போது, மரத்தின் மேற்பரப்பைச் சிறுசிறு சில்லுகளாகப் பெயர்த்து எடுக்கும். கை ஒரு வளைவில் வீசப்படுவதால் வாய்ச்சியின் வாயும் வளைவிலேயே செல்கிறது. குழிவான பரப்பைச் செதுக்குவதற்கு அது பொருத்தமாவது இதனாலேயே.

உளிகளுள் தட்டையான வாயுடையவை சதுரத் துளைக்கும் பொருத்துக்கும் உரியன. நகத்தின் விளிம்பைப் போல வாய் வளைந்தவை குடைவதற்கு உரியன. தட்டை உளியைக் குழிக்குள் செலுத்தினால் அதன் இரு மூலைகளும் மரத்தில் புதைந்து நாரைக் கிழிக்கும். வளைந்த வாய்க்கு மூலை இல்லை, ஆதலின் அது வழுக்கிச் செல்லும்.

இழைப்புளி என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். இழைப்பதற்குரிய உளி என்பது அதன் பொருள். உண்மையில் அக்கருவி ஒரு மரக்கட்டைக்குள் சாய்வாகப் பொருத்தப்பட்ட உளியே. பெயரைப் பிரித்தாலே கருவியின் அமைப்பு விளங்கிவிடுகிறது. மலாய் மொழியில் அதனைக் கெத்தாம் என்பர். நண்டுக்கும் அம்மொழியில் அதே பெயர்தான். ஒரே கருவியை இரு மொழிகள் எவ்வாறு வெவ்வேறாகப் பெயரிட்டுக் காண்கின்றன என்பதை ஒப்பிடுவது மாணவர்க்கு நல்ல மொழிப்பயிற்சியாகும்.

இழைப்புளியின் அடிக்கட்டை நீளமாக இருந்தால், அது மேடுகளின் மேல் தங்கிப் பள்ளங்களைத் தாண்டிவிடும், பரப்பு நேராகும். வளைந்த பரப்பிற்கு இது உதவாது. எனவே அடி குறுகிய கருவியோ, அடியே வளைந்த இழைப்புளியோ வேண்டும். மேலைநாட்டுத் தச்சர் இருபுறமும் கைப்பிடியுள்ள இழுப்புக் கத்தியையும், ஆரக்கால் சீவும் சிறு கருவியையும் இதற்கெனக் கொண்டனர்.

எக்கருவியைக் கையாண்டாலும் விதி ஒன்றே: நாரோட்டத்தின் சரிவில் இறங்கிச் சீவ வேண்டும், எதிர்த்து ஏறிச் சீவலாகாது. ஏறிச் சீவினால் வாய் நாருக்கடியில் புகுந்து பிளந்துவிடும். புடைத்த வளைவில் உச்சியிலிருந்து இரு பக்கமும் கீழ்நோக்கிச் சீவ வேண்டும். குழிந்த வளைவில் இரு விளிம்புகளிலிருந்தும் அடிநோக்கிச் சீவ வேண்டும். ஒரு வளைவைச் செதுக்குங்கால் கையின் திசை இவ்வாறு பலமுறை மாறும். எங்கே மாற்ற வேண்டும் என்பதைத் தச்சன் சில்லு பெயரும் ஓசையாலும் கையில் உணரும் தடையாலும் அறிகிறான்.

ஒரு சக்கரத்தின் கணக்கு

மேற்கூறிய அனைத்தும் ஒருங்கே கூடும் பொருள் வண்டிச் சக்கரம். நடுவில் குடம், அதனின்று கிளைக்கும் ஆரக்கால்கள், அவற்றைச் சூழ வட்டைகள், அவற்றின் மேல் இரும்புப் பட்டை, குடத்தின் வழியே செல்லும் அச்சு, சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி. சங்கப் பாடல்களில் குடத்தைக் குறடு என்றும், ஆரக்காலை ஆர் என்றும், வட்டையைச் சூட்டு என்றும் வழங்கினர்.

வட்டத்தை ஒரே மரத்தில் அறுப்பது இயலாது. பகுதிகளாகவே செய்ய வேண்டும். எத்தனை பகுதிகள் என்பதே கேள்வி. நான்கு வட்டைகளாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 90 பாகை வளையும். அதன் முனைகளில் நாரோட்டத்திற்கும் வளைவிற்கும் இடையே 45 பாகை விலகல் ஏற்படும். அங்கே மரம் எளிதில் முறியும். ஆறு வட்டைகளானால் விலகல் 30 பாகையாகக் குறையும். எட்டு வட்டைகளானால் இருபத்திரண்டரை பாகையாகும். ஆனால் வட்டைகள் மிகுந்தால் பொருத்துகளும் மிகும். பொருத்து மிகுந்தால் தளர்ச்சியும் மிகும். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்னும் கணக்கில், ஆறு வட்டைகளும் பன்னிரண்டு ஆரக்கால்களும் கொண்ட சக்கரம் இவ்விரு தீங்குகளுக்கும் இடையே கண்ட நடுநிலையாகும். பின்னர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி விரியச்செய்து சக்கரத்தின் மேல் ஏற்றி நீரூற்றினால், அது சுருங்கி எல்லாப் பொருத்துகளையும் ஒருசேர இறுக்கிவிடும். வடிவியலும் வெப்ப இயலும் இங்கே பாடநூலின்றிப் பயிலப்பட்டன. கணித ஆசிரியர்கள் பாகைகளைக் கற்பிக்கும்போது இச்சக்கரத்தை எடுத்துக்காட்டலாம்.

இத்தொழிலின் அருமையை ஔவையார் நன்கு உணர்ந்திருந்தார். புறநானூற்று எண்பத்தேழாம் பாடலில் அதியமானின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த வந்த அவர், யானையையோ புலியையோ உவமையாகத் தேடவில்லை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை ஒத்தவன் அவன் என்றார். விரைவாகச் செய்ய வல்லவன் காலம் எடுத்துச் செய்தது எத்துணை உறுதியாக இருக்கும் என்பதே உவமையின் உயிர். தொழில் நுட்பம் அறியாத அவையில் இவ்வுவமை எடுபட்டிராது. அவ்வவை அதனை அறிந்திருந்தது. நம் அவைகள் அறியுமா என்பதே இன்றைய கேள்வி.

இந்த மண்ணில்

ஜொகூரில் வாழும் நாம் வளைந்த மரவேலையின் இரு மரபுகளுக்கு நடுவே நிற்கிறோம். ஒன்று மலாய் மக்களின் கடல்சார் மரபு. பகாங்கின் தென்கடற்கரையில் உள்ள கோல பொந்தியானில் கண்டெடுக்கப்பட்ட பழம் படகின் பலகைகள் மர முளைகளாலும் நார்க்கயிற்றாலும் இணைக்கப்பட்டவை. இவ்வட்டாரப் படகு கட்டுவோர் முதலில் புறப்பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து உடலை உருவாக்கி, விலாச் சட்டங்களைப் பின்னரே உள்ளே பொருத்தினர். பலகையின் வளைவு பெரும்பாலும் வாய்ச்சியால் செதுக்கிப் பெறப்பட்டது. மலாய் மக்களின் பெலியுங் என்னும் கருவி பிரம்பால் காம்பில் பிணைக்கப்பட்டது. அதன் இரும்பைத் திருப்பி அமைத்தால் கோடரியே வாய்ச்சியாகிவிடும். கப்பல், கட்டில், பெட்டி ஆகிய தமிழ்ச் சொற்கள் காப்பால், காத்தில், பெத்தி என மலாய் மொழியில் இன்றும் வாழ்கின்றன. மூன்றும் மரத்தால் ஆன பொருள்களின் பெயர்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. வணிகத்தோடு கைவினைப் பொருளும், பொருளோடு அதன் பெயரும் கடல் கடந்தன.

மற்றொன்று நம் பாட்டன் பாட்டிமாரின் தோட்ட மரபு. இதனைத் தச்சு மரபோடு சேர்த்து எண்ணுவார் அரியர். ஆயினும் எண்ணத்தான் வேண்டும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற என்றி ரிட்லி, ரப்பர் மரத்தைப் பட்டுப்போகவிடாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையைத் தோட்டங்களில் நடைமுறையாக்கியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். பால் வெட்டும் கத்தியின் முனை மடிந்து வளைந்தது. உருண்ட மரத்தைச் சுற்றி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு வாய்க்காலை அது உருவாக்கும். ஒரு முறைக்குச் சீவும் பட்டையின் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். சற்றே ஆழ்ந்தால் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் காயமுற்று, அவ்விடம் முடிச்சு விழுந்து, மீண்டும் வெட்டத் தகாததாகும். விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில், ஒருவர் 400 முதல் 500 மரங்கள் வரை இவ்வாறு சீவினர்.

வளைந்த பரப்பில், வளைந்த வாயுடைய கருவியால், மில்லிமீட்டர் அளவில் பிழையின்றிச் சீவுவது உயர்ந்த கைத்திறன் அன்றோ? வீணை செய்பவனைக் கலைஞன் என்று போற்றும் நாம், பால் வெட்டிய தாயைத் திறனற்ற கூலி என்று பதிவேடுகள் குறித்ததை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டோம். அத்திறனுக்குப் பெயரிட்டு எழுதி வைக்காததே இதற்கு ஒரு காரணம். மங்கு, பீலி, ஒட்டுப்பால், பெரட்டு என நம் தோட்டத் தமிழ் உருவாக்கிய சொற்கள் இன்று கதைகளில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. பெயரிடப்படாத அறிவு, அறிவாகவே மதிக்கப்படுவதில்லை.

இவ்விரு மரபுகளும் வந்து சேரும் இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. நாட்டின் அறைகலன் தொழிலுக்குப் பெயர்பெற்ற மூவார் நகரமே அது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரம் முற்காலத்தில் விறகாகவே எரிந்தது. அம்மரம் விரைவில் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும் இயல்புடையது. அதற்குப் போரான் கலந்த மருந்தூட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், அதுவே ஏற்றுமதி அறைகலன்களின் முதன்மை மரமாயிற்று. நம் முன்னோர் தொட்டுச் சீவிய மரங்களே நாற்காலிகளாகிக் கடல் கடந்தன. அந்நாற்காலிகளின் வளைந்த சாய்மானங்களை இன்று பொறிகள் வெட்டுகின்றன. அப்பொறியை இயக்குபவரும் நாரோட்டம் அறிந்தே பலகையை வைக்க வேண்டும். அறியாவிடின் பொறியும் மரத்தைப் பிளந்தே தரும்.

நாம் செய்யத்தக்கவை

பொறிகளை விடுத்து வாய்ச்சிக்குத் திரும்புவோம் என்பது என் வேண்டுகோள் அன்று. கைத்தொழிலில் முதுகு வளைந்து உழைத்தவர்களின் துன்பம் சிறிதன்று. அதைப் பொறி குறைத்தது நன்றே. நான் வேண்டுவது சொற்களையும் அவை சுமந்துவரும் அறிவையும் காக்க வேண்டும் என்பதே.

"அகராதியில் அச்சொற்கள் உள்ளனவே, போதாதா?" என்று கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த அரும்பணி. ஆயினும் வாய்ச்சி என்பது ஒரு தச்சுக் கருவி என்று அறிவதும், அதன் வாய் காம்பிற்குக் குறுக்கே நிற்பதால் அது குழியைச் செதுக்கும் என்று அறிவதும் ஒன்றல்ல. கருவியின் பெயரோடு அதன் வினையும் சேர்ந்தால்தான் பொருள் நிறைவுறும். வாய்ச்சி செதுக்கும், உளி குடையும், இழைப்புளி இழைக்கும், அரம் அராவும், துரப்பணம் துளைக்கும், கடைசல் பட்டறை கடையும். இவை அனைத்தையும் "வெட்டும்" என்ற ஒரே வினையால் எழுதும் மாணவனுக்கு மொழியும் குறைகிறது, பார்வையும் குறைகிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. அங்கே இச்சொற்களுக்கு இடம் உண்டு. ஆசிரியர்கள் ஒரு கருவியைக் காட்டி, அதன் உறுப்புகளின் பெயர், பிடிக்கும் முறை, செய்யும் வினை ஆகிய மூன்றையும் மாணவர் வாயால் சொல்லச் செய்யலாம். மாணவர்கள் தத்தம் ஊரில் உள்ள முதிய தச்சரையும், பால்வெட்டுத் தொழிலில் இருந்த முதியோரையும் அணுகி, அவர்கள் வழங்கும் சொற்களை அவர்கள் ஒலிப்பிலேயே பதிவு செய்யலாம். தூய சொல்லா, கலப்புச் சொல்லா என்னும் ஆராய்ச்சி பின்னர் நிகழட்டும்; முதலில் தொகுப்பு நிகழ வேண்டும். ஏனெனில் ஆராய்ச்சி காத்திருக்கும், முதுமை காத்திருக்காது.

அவ்வாறு தொகுக்குங்கால் ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்: "இதைத் தவறாகச் செய்தால் என்ன ஆகும்?" கருவியின் பெயரை எவரும் சொல்லிவிடுவர். தவறினால் மரம் எங்கே பிளக்கும், பட்டை எவ்வாறு காயப்படும் என்பதைத் தொழிலறிந்தவரே சொல்ல இயலும். அவ்விடையை எழுதி வைத்தால், அது தமிழில் எழுதப்பட்ட தொழில்நூலின் ஒரு பக்கமாகும். அத்தகைய பக்கங்களை ஜொகூர் மாணவர்கள் எழுதத் தொடங்குவார்களாக என்று வாழ்த்துகின்றேன்.